தைராய்டு ஸ்லைடின் முன் உட்காரும் பிள்ளைகளுக்கு

பேத்தாலஜி படிக்க இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

நான் படிக்கிற காலத்தில் கழுத்துக் கட்டியோடு வந்தவருக்கு ஊசி குத்தி நீர் எடுப்போம், ஸ்லைடில் தேய்ப்போம், சாயம் போடுவோம், நுண்ணோக்கியில் குனிவோம். அதில் தெரிந்ததுதான் தீர்ப்பு. இப்போது உங்கள் மேசைக்கு ஸ்லைடோடு மரபணு ரிப்போர்ட்டும் வருகிறது. பிராஃப், ராஸ், ரெட், டெர்ட் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்வது எளிது. எந்தப் பெயர் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பரிசோதனைக்கு எழுதுமுன் கேள்வியை எழுதுங்கள்.

தைராய்டு கட்டியின் மரபணுவைப் பார்ப்பதற்கு ஐந்து காரணங்கள்தான் உண்டு. இது புற்றுநோயா? எந்த வகை? எவ்வளவு முரடு? எந்த மருந்துக்குக் கேட்கும்? வீட்டில் வேறு யாருக்காவது வருமா? ஒரே சடுதிமாற்றம் முதல் கேள்விக்குத் தெளிவாகவும் மூன்றாவது கேள்விக்கு அரைகுறையாகவும் பதில் சொல்லும். ஆகவே படிவத்தின் மூலையில் ஐந்தில் எந்தக் கேள்வி என்று பென்சிலால் குறியுங்கள். குறிக்க முடியவில்லை என்றால் அந்தப் பரிசோதனை நோயாளிக்குத் தேவையில்லை.

2. கண்ணால் முடிக்கக்கூடியதைக் கண்ணால் முடியுங்கள்.

பாப்பில்லரி புற்றுநோய்க்கு அதன் உட்கருவே முகவரி. வெளிறிப் பெருத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவில் காப்பிக்கொட்டை போலப் பிளவு விழுந்து, உள்ளே பொய்யான குமிழோடு நிற்கும் அந்த உட்கருவை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் மறக்காது. அது தெளிவாக இருக்கும் ஸ்லைடுக்கு நோயைக் கண்டறிய மரபணுப் பரிசோதனை வேண்டாம்.

சிக்கல் ஃபாலிகுலர் கட்டிகளில்தான். அங்கே அடினோமாவின் செல்லும் புற்றுநோயின் செல்லும் ஒரே மாதிரி இருக்கும். கட்டி தன் உறையைத் துளைத்ததா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்ததா என்பதுதான் வித்தியாசம். ஊசியில் உறை வராது. 2010இல் புத்தகமாக வந்து 2023இல் மூன்றாம் பதிப்புக் கண்ட பெதெஸ்டா முறையின் ஆறு பிரிவுகளில் மூன்றாவதும் நான்காவதும் இந்த இருட்டுக்காகவே உள்ளவை. 2023 பதிப்பின் கணக்குப்படி மூன்றாம் பிரிவில் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு சராசரியாக 22 சதவீதம், நான்காம் பிரிவில் 30 சதவீதம். ஆறாம் பிரிவில் 97. மரபணுப் பரிசோதனைகள் முக்கியமாக அந்த இரண்டு நடுப்பிரிவுகளுக்காக உருவானவை. அதற்குரிய இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள்.

3. 'பிராஃப் பாசிட்டிவ்' என்று எழுதி நிறுத்தாதீர்கள்.

பிராஃப் மரபணுவின் 1799ஆம் எழுத்தில் 'டி' இருந்த இடத்தில் 'ஏ' வந்துவிட்டால், புரதத்தின் 600ஆம் இடத்தில் வேலின் போய் குளுட்டாமிக் அமிலம் உட்காருகிறது. இதைத்தான் வி600இ என்கிறோம். செல்லைப் பெருகச் சொல்லும் சுவிட்ச் அதோடு அணையாமல் எரியத் தொடங்குகிறது. 2002இல் மெலனோமாவில் கண்டார்கள். 2003இல் பாப்பில்லரி தைராய்டு புற்றுநோயில் கண்டார்கள். பாப்பில்லரி வகையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது உண்டு. ஊசி நீரில் வி600இ உறுதியாகத் தெரிந்தால் அது புற்றுநோய்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆனால் அதே மரபணுவில் பக்கத்து இடமான 601இல் மாறியிருந்தால் கதை வேறு. கே601இ என்னும் அந்த மாற்றம் ஃபாலிகுலர் அமைப்புள்ள கட்டிகளில் வருவது. அதன் நடத்தை ராஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. சாதுவான கட்டிகளிலும் அது இருக்கும். ஒரே ஓர் எண் தள்ளிப்போனதில் ஒருவருக்கு அறுவையின் அளவே மாறிப்போகலாம். எந்த எழுத்து, எந்த இடம் என்று முழுதாக எழுதுங்கள். பழைய கட்டுரைகளில் வி599இ என்று கண்டால் குழம்ப வேண்டாம். அன்றைய வரிசைப் பதிவில் ஒரு கோடான் விடுபட்டிருந்ததால் வந்த எண் அது, இரண்டும் ஒன்றே.

4. ராஸ் வந்தால் நிதானம்.

என்ராஸ், எச்ராஸ், கேராஸ் மூன்றும் அடினோமாவிலும் வரும், ஃபாலிகுலர் புற்றுநோயிலும் வரும், பாப்பில்லரியின் ஃபாலிகுலர் வகையிலும் வரும். ஆகவே ராஸ் இருக்கிறது என்றால் 'இது உண்மையான கட்டி, சும்மா வீங்கிய திசு அல்ல' என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அது புற்றுநோயா என்பதை உறையும் ரத்தக்குழாயும் சொல்ல வேண்டும்.

2016இல் நடந்த ஒன்றை நினைவில் வையுங்கள். உறைக்குள் அடங்கி, எங்கும் துளைக்காத ஃபாலிகுலர் வகைப் பாப்பில்லரிக் கட்டிகளைப் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து மறுபடி பார்த்தார்கள். அப்படி இருந்த 109 பேரைக் குறைந்தது பத்தாண்டு தொடர்ந்ததில் ஒருவருக்குக்கூட நோய் திரும்பவில்லை. அந்தக் கட்டியின் பெயரிலிருந்து 'கார்சினோமா' என்ற சொல்லையே எடுத்துவிட்டு நிஃப்டிபி என்று புதுப்பெயர் வைத்தார்கள். அவற்றில் அதிகம் காணப்படுவது ராஸ். வி600இ இருந்தால் நிஃப்டிபி என்று சொல்லக் கூடாது. ஒரு சொல்லை நீக்கியதால் எத்தனையோ பேர் தங்களைப் புற்றுநோயாளி என்று எண்ணி வாழும் துயரம் நீங்கியது. நாம் எழுதும் சொல்லுக்கு அவ்வளவு கனம் உண்டு.

5. சேராத இரண்டு ஒன்றாக வந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

2014இல் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டத்தார் 496 பாப்பில்லரிக் கட்டிகளை அலசினார்கள். மற்ற பல புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இதன் மரபணுத் தொகுதி அமைதியானது, பெரும்பாலும் ஒரே ஒரு மாற்றம்தான் கட்டியை ஓட்டுகிறது என்று தெரிந்தது. கட்டிகள் வி600இ போன்றவை, ராஸ் போன்றவை என்று இரண்டு குடும்பங்களாகப் பிரிந்தன. 2022இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் இந்தப் பிரிவை எடுத்துக்கொண்டது. இதில் உங்களுக்கு ஒரு பயன் உண்டு. வி600இயும் ராஸும் ஒரே மாதிரியில் சேர்ந்து வந்தால் வியக்காதீர்கள். முதலில் லேபிளைப் பாருங்கள், குழாய் மாறியதா என்று கேளுங்கள், கழுத்தில் இரண்டு தனிக் கட்டிகள் உண்டா என்று ஸ்கேனைத் திரும்பப் பாருங்கள்.

6. வி600இயைக் கண்டதும் நோயாளியைப் பயமுறுத்தாதீர்கள்.

'இது புற்றுநோயா' என்ற கேள்விக்கு இது நல்ல சாட்சி. 'இது கொல்லுமா' என்ற கேள்விக்குத் தனியாக நின்று பதில் சொல்லாது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த, வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராமல் கிடக்கக்கூடிய கட்டிகளிலும் இது சாதாரணமாக இருக்கிறது. ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனையில் 1993 முதல் அப்படிப்பட்ட சிறு கட்டிகளை அறுக்காமல் ஸ்கேனில் கவனித்து வருகிறார்கள். அவர்கள் தொடர்ந்த 1,235 பேரில் பத்தாண்டில் கட்டி பெரிதானது 8 சதவீதத்தினருக்கு; நிணநீர்க் கணுவுக்குப் போனது 3.8 சதவீதத்தினருக்கு.

மாறாகத் தென்கொரியாவில் ஸ்கேன் பரவியதும் 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 15 மடங்கானது. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் மாறவில்லை. தேவையில்லாத கத்தி எத்தனை கழுத்துகளில் பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டியின் அளவு, இடம், கணு, வயது இவற்றோடு சேர்த்தே வி600இயைப் படியுங்கள்.

7. முரட்டுத்தனம் தெரிய வேண்டுமானால் டெர்ட்டைக் கேளுங்கள்.

டெர்ட் மரபணுவின் முன்பகுதியில், ஐந்தாம் குரோமோசோமின் 1,295,228 அல்லது 1,295,250 என்ற இடத்தில் 'சி' போய் 'டி' வருகிறது. கடைசி மூன்று இலக்கத்தை வைத்து சி228டி, சி250டி என்று பெயர். சாதாரணமாகத் தூங்கும் டெலோமெரேஸ் விழித்துக்கொள்கிறது. செல்லுக்கு வயதாவது நின்றுபோகிறது. தைராய்டில் இதை 2013இல் கண்டார்கள். வயதானவர்களிலும், பரவிய கட்டிகளிலும், அனாபிளாஸ்டிக்கிலும் அதிகம். வி600இயும் டெர்ட்டும் ஒரே கட்டியில் சேர்ந்தால் நோய் திரும்பவும் உயிருக்கு ஆபத்து நேரவும் வாய்ப்பு கூடும். அந்த நோயாளியைப் பின்தொடர்வதில் தளர்வு வேண்டாம் என்று சர்ஜனுக்குப் போன் செய்தே சொல்லுங்கள்.

8. ரெட் என்ற ஒரே பெயருக்கு மூன்று கதைகள் உண்டு.

முதல் கதை உடைந்து ஒட்டிய ரெட். பத்தாம் குரோமோசோமில் உள்ள ரெட் அறுந்து, பெரும்பாலும் அதே குரோமோசோமில் உள்ள வேறொரு மரபணுவோடு திரும்பி ஒட்டிக்கொள்ளும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர ஆய்வாளர்கள் பாப்பில்லரிக் கட்டியிலிருந்து இந்தப் புற்றுநோய் மரபணுவை 1987இல் பிடித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரல் 26 அன்று செர்னோபில் வெடித்திருந்தது. அயோடின் 131 புல்லில் விழுந்து, பசுவின் பாலில் இறங்கி, குழந்தைகளின் தைராய்டில் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அந்தக் குழந்தைகளுக்கு வந்த கட்டிகளில் இந்த ஒட்டிய ரெட் மிகுதியாக இருந்தது. தைராய்டு செல்லின் உட்கருவுக்குள் அந்த இரண்டு மரபணுக்களும் அருகருகே கிடப்பதால், கதிர் ஒரே வீச்சில் இரண்டையும் அறுத்துவிடுகிறது என்பது 2000இல் வந்த விளக்கம். குழந்தையின் பாப்பில்லரிக் கட்டியில் வி600இ இல்லை என்றதும் கோப்பை மூடாதீர்கள், இணைவுகளைத் தேடுங்கள். என்டிஆர்கே இணைவும் அங்கே இருக்கலாம். இரண்டுக்கும் இன்று மருந்து உண்டு.

இரண்டாம் கதை, மெடுல்லரிக் கட்டிக்குள் மட்டும் எழுத்து மாறிய ரெட். அது மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும். ரெட்டைத் தடுக்கும் செல்பெர்காட்டினிப் என்னும் மருந்து 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்றாம் கதை, பிறக்கும்போதே உடம்பின் எல்லாச் செல்களிலும் எழுத்து மாறிய ரெட். அதற்குத் தனியாக ஓர் அறிவுரை வேண்டும்.

9. மெடுல்லரி என்று கையெழுத்திடும்போது ரத்தத்தையும் கேளுங்கள்.

மெடுல்லரி புற்றுநோய் கால்சிடோனின் சுரக்கும் சி செல்களில் பிறப்பது. நான்கில் ஒருவருக்கு அது பரம்பரை. 1993இலிருந்தே அதன் காரணம் ரெட் என்று தெரியும். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று நோயாளி சொன்னாலும் எல்லோருக்கும் ரத்தத்தில் ரெட் பார்க்க வேண்டும். கட்டியில் மட்டும் பார்த்தால் பரம்பரையா என்பது தெரியாது.

எழுத்து எங்கே மாறியது என்பதைப் பொறுத்துக் குழந்தையின் நாள் குறிக்கப்படுகிறது. 2015இல் வந்த அமெரிக்கத் தைராய்டு சங்க வழிகாட்டுதலின்படி, எம்918டி என்றால் முதல் வயதிலேயே தைராய்டை எடுக்க வேண்டும். 634ஆம் கோடான் என்றால் ஐந்து வயதிலோ அதற்கு முன்னரோ. கத்தி வைக்குமுன் அட்ரினலில் ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் மயக்க மருந்தின்போதே ரத்த அழுத்தம் எகிறி உயிர் போகலாம்.

நான் இளையவனாக இருந்தபோது ஒரு தாயின் ஸ்லைடில் மெடுல்லரி என்று சரியாகவே எழுதினேன். ரத்தப் பரிசோதனை தேவை என்ற ஒரு வரியை எழுதவில்லை; எங்கள் ரிப்போர்ட்டில் அன்று அந்த வழக்கம் இல்லை. சில ஆண்டு கழித்து அவருடைய மகள் கழுத்தில் கணுவோடு வந்தாள். குடும்ப வரலாற்றில் அம்மாவின் பெயரைப் படித்ததும் என் கை நடுங்கியது. நோயைச் சரியாகச் சொல்லியும் ஒரு பிள்ளையைத் தவறவிட்டேன். அந்த ஒரு வரியை நீங்கள் விடாதீர்கள்.

10. அனாபிளாஸ்டிக் என்றால் நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

வாரத்துக்கு வாரம் கண்ணெதிரே வளரும் கட்டி அது. முன்பெல்லாம் நோயைச் சொன்ன நாளிலிருந்து மாதங்களைத்தான் எண்ணுவோம். 2018 மே மாதம் அமெரிக்காவில், வி600இ உள்ள அனாபிளாஸ்டிக்குக்கு டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் இரண்டையும் சேர்த்துத் தர அனுமதித்தார்கள். அதற்கு அடிப்படையான ஆய்வின் முதல் 16 பேரில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது. முழு மரபணு வரிசை வரும்வரை காத்திருக்க நோயாளிக்கு நாள் இல்லை. விஇ1 எதிர்ப்பொருளைக் கொண்டு ஸ்லைடிலேயே வி600இ புரதத்தைச் சாயமேற்றிப் பாருங்கள். ஓரிரு நாளில் பதில் கிடைக்கும். வரிசைப் பரிசோதனையை அதோடு சேர்த்தே அனுப்புங்கள்.

11. திசுவைக் கெடுத்துவிட்டு மரபணுவைக் குறை சொல்லாதீர்கள்.

ஃபாலிகுலர் புற்றுநோய் எலும்புக்குப் போகும். எலும்புத் துண்டை மென்மையாக்க அமிலத்தில் போட்டால் உள்ளே இருக்கும் டிஎன்ஏ சிதைந்துபோகும். ஈடிடிஏ கரைசல் மெதுவாக வேலை செய்யும்; ஆனாலும் அதில் போடுங்கள். ஃபார்மலினில் வாரக்கணக்கில் ஊறிய திசுவும் பயன்படாது. இணைவுகளைத் தேட ஆர்என்ஏ வேண்டும். அது டிஎன்ஏவைவிடச் சீக்கிரம் கெடும். அனுப்பும் துண்டில் கட்டியின் செல் எவ்வளவு, சுற்றியுள்ள லிம்போசைட் எவ்வளவு என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஹாஷிமோட்டோ உள்ள சுரப்பியில் லிம்போசைட்டின் கூட்டத்துக்குள் கட்டியின் குரல் அமுங்கிப்போகும்.

12. 'இல்லை', 'உண்டு' இரண்டின் எடையையும் அறிந்துகொள்ளுங்கள்.

2019இல் வெளியான ஆய்வில் தைரோசெக் என்னும் பலமரபணுப் பரிசோதனை, பெதெஸ்டா மூன்று, நான்கு பிரிவுகளில் நெகட்டிவ் என்றபோது 97 சதவீதம் சரியாக இருந்தது. பாசிட்டிவ் என்றபோது 66 சதவீதமே சரி. அதாவது அந்த இடத்தில் 'இல்லை' என்ற பதில் அறுவையைத் தவிர்க்க உதவும். 'உண்டு' என்ற பதிலில் மூன்றில் ஒன்று பொய்க்கும். வி600இக்கு மட்டும் பார்க்கும் ஒற்றைப் பரிசோதனையில் இது தலைகீழ்: 'உண்டு' உறுதி, 'இல்லை' ஒன்றும் சொல்லாது.

நம் நாட்டில் பலரும் இந்தச் செலவைக் கைக்காசில் கட்டுகிறார்கள். கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிறது, எப்படியும் எடுத்தாக வேண்டும் என்றால் அந்தப் பணத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

13. 'மரபணு' என்ற சொல்லை விளக்காமல் விட்டுவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் மரபணு என்று படித்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, 'பிள்ளைகளுக்கும் வருமா?' அடுத்தது, பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது இதைச் சொல்ல வேண்டுமா என்ற பயம். பாப்பில்லரிக் கட்டியில் வந்த வி600இ அந்தக் கட்டியோடு பிறந்தது, கட்டியோடு போவது. பிள்ளைகளுக்கு இறங்காது. மெடுல்லரியில் ரத்தத்தில் கண்ட ரெட் இறங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதலாமவர் வீணாகப் பயப்படக் கூடாது, இரண்டாமவர் அசட்டையாக இருக்கக் கூடாது. இரண்டையும் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் தமிழில் எழுதுங்கள். இன்னாருக்குச் சொல்லலாம், இன்னாருக்குச் சொல்ல வேண்டாம் என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும்.

பிள்ளைகளே, புதிய மரபணுக்களின் பெயர்கள் இன்னும் வரும். நீங்கள் என் வயதுக்கு வரும்போது இந்தப் பட்டியல் பழசாகியிருக்கும். படிவத்தின் மூலையில் பென்சிலால் எழுதும் அந்த ஐந்து கேள்விகள் பழசாகாது. நாளைக் காலை முதல் ஸ்லைடை எடுக்குமுன் எழுதத் தொடங்குங்கள்.